மூணு ஸ்டார் வீட்டு இரண்டாம் ஆட்டக்காரர்

என் தம்பிக்கு எங்கள் வட்டாரத்தில் மூணு ஸ்டார் என்று பெயர். வைத்தது யாரோ தெரியாது, வைத்தது பொருத்தம். டிவி, ஸ்பீக்கர், ஹெட்போன், கேம் ஆடுகிற பெட்டி என்று எதை வாங்கினாலும் ஒரு மாதம் வைத்துப் பார்ப்பான். பிறகு வாங்கிய இணையக் கடையிலேயே போய்த் தன் கருத்தை எழுதிவிட்டு மூன்று ஸ்டார் கொடுப்பான். மிகவும் பிடித்திருந்தால் மூன்று. இல்லாவிட்டால் இரண்டு. ஐந்து கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது.

“அஞ்சையும் குடுத்துட்டா, நாளைக்கு அதைவிட நல்லது வந்தா எதைக்கா குடுக்கறது?” என்பான்.

“ஏண்டா, ஸ்டார் என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா? அள்ளி விடேன்!” என்பேன். அவன் அப்பன்தான் எனக்கும் அப்பன் என்பது கோபம் வந்தால் எனக்கு மறந்துபோகும்.

அவன் பிழைப்பு கண்ணாடிக் கடையில். பார்வை சோதிக்கிறவன். வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, கனத்த சட்டம் ஒன்றை மூக்கில் மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிச் செருகி, “முதல்லதா, ரெண்டாவதா? எது தெளிவா இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே இருப்பான். பகல் முழுக்க ஊராரிடம் கேட்ட கேள்வியைச் சாயங்காலம் வீட்டில் தன்னிடமே கேட்டுக்கொள்வான். இந்த டிவியில் கறுப்பு கறுப்பாக இருக்கிறதா, அந்த டிவியிலா? இந்த ஸ்பீக்கரில் மழைச் சத்தம் மழை மாதிரி இருக்கிறதா, எண்ணெய்ச் சட்டி மாதிரி இருக்கிறதா? இப்படி ஒருத்தனுக்கு ஒரு பொழுதுபோக்கு.

ஆனால் அவன் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. கீழ்வீட்டு டிரைவர் டிவி வாங்கப் போனபோது இவனைத்தான் கூட்டிக்கொண்டு போனார். கடையில் எல்லா டிவியும் ஜொலிக்கின்றன. இவன் ஒவ்வொன்றின் எதிரிலும் நின்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, “கடையில எல்லா டிவியும் மேக்கப் போட்ட கல்யாணப் பொண்ணுதான் சார். வீட்டுக்கு வந்து மூஞ்சி கழுவினப்புறம் பாருங்க” என்றானாம். கடைக்காரர் முகம் போன போக்கை டிரைவர் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார். ஸ்பீக்கர் என்றால் சத்தம் பெரிதில்லை, சத்தம் நின்ற பிறகு வருகிற அமைதி சுத்தமாக இருக்க வேண்டும் என்பான். ரிமோட்டில் பட்டன் ஏறஏற அதைச் செய்தவனுக்குப் புத்தி இறங்கும் என்பான். கேம் பெட்டி விற்கிறவன் பெட்டியை விற்பதில்லை, நம்மைப் பிடித்துப் பெட்டிக்குள் உட்காரவைக்கிறான் என்பான். இந்தக் கடைசிக் கருத்தை அப்போது நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

இன்னொரு பிடிவாதமும் அவனுக்கு உண்டு. ஒரு பொருளைப் பற்றிப் புகார் எழுதினால் அதோடு விடமாட்டான். கம்பெனிக்காரர்கள் சரிசெய்தார்களா என்று மறுபடி போட்டுப் பார்ப்பான். பார்த்துவிட்டு, எழுதியதைத் திருத்துவான். “குறை சொன்ன வாய்க்கு, சரியாயிடுச்சுன்னு சொல்ற கடமையும் இருக்குக்கா” என்பான். ஊரில் பாதிப்பேருக்கு இல்லாத நேர்மை இது. அதுதான் அவனைக் கொண்டுபோய் எங்கே நிறுத்தியது என்று சொல்லத்தான் வந்தேன்.

அவன் பெண்டாட்டி ஆஸ்பத்திரி லேபில் இரத்தம் எடுக்கிறவள். ஊசி ஏறுவதே தெரியாது, அப்படி ஒரு கை. நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் எலியும் பூனையுமாக இருப்போம் என்று சொந்தபந்தம் காத்துக்கொண்டிருந்தது. நாங்களோ இரண்டு பேரும் கூட்டணி வைத்து அவனைத்தான் பிறாண்டினோம். “அண்ணி, உங்க தம்பி எனக்கு எத்தனை ஸ்டார் குடுத்திருக்கார் தெரியுமா? மூணரை!” என்று ஒருநாள் வந்து நின்றாள்.

“அரை கூட்டியிருக்கானே, சந்தோஷப்படு” என்றேன்.

“கூட்டலையாம். நாலு குடுத்துட்டு, விளையாட்டுல ஏமாத்தறேன்னு அரையைக் குறைச்சிட்டாராம்.”

அந்த விளையாட்டைச் சொல்லியாக வேண்டும். டிவிக்கு மேலே ஒரு கேமரா, கீழே பெட்டி. கையில் எதையும் பிடிக்க வேண்டாம். எதிரே நின்று கையை வீசினால் டிவிக்குள் ஒரு பந்து உருண்டுபோய்க் கட்டைகளைச் சாய்க்கும். ஆளுக்கொரு முறை. கேமரா நம்மை எப்படிப் பார்க்கிறது என்பது டிவியின் மூலையில் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். தலைக்கு ஒரு வட்டம், தோளுக்கு ஒரு கோடு, கைகால்களுக்குக் கோடுகள். முகம் கிடையாது.

தம்பி எழுந்து நின்று, காலை முன்னே வைத்து, முறையாக வீசுவான். அவள் சோபாவின் இடது ஓரத்தில் காலை மடக்கி உட்கார்ந்தபடியே, தொடைமேல் வைத்த கையின் மணிக்கட்டை மட்டும் சுண்டுவாள். அத்தனை கட்டையும் சரிந்துவிடும்.

“எழுந்து நின்னு ஆடு! இது ஆட்டமா?” என்று இவன் குதிப்பான்.

“நாள் பூரா நின்னுக்கிட்டே ஊர்க்காரங்களைக் குத்திட்டு வர்றேன். உட்கார்ந்தே ஜெயிக்கிறப்ப எதுக்கு நிக்கணும்?” என்பாள். மறுபடி ஒரு சுண்டு. நான் கைதட்டுவேன். அவன் என்னையும் முறைப்பான்.

அப்படிப்பட்டவளை ஒரு மழைக்காலக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்தவளை அந்த ஆஸ்பத்திரியாலேயே காப்பாற்ற முடியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரைத் திட்டுவதென்று தெரியாமல் வீட்டில் உள்ள எல்லோரையும் திட்டினேன். தம்பி அழவில்லை. கடைக்குப் போனான், வந்தான், டிவிக்கு மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவைத்தான். என்னோடு வந்து இரு என்று எத்தனையோ தரம் கூப்பிட்டேன். அசையவில்லை.

வெயில் காலம் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான்.

“அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போயேன். நீ தைச்ச சோபா உறையில ஏதோ கோளாறு.”

நான் திரைச்சீலையும் சோபா உறையும் தைத்துச் சாப்பிடுகிறவள். எனக்குச் சுருக்கென்று ஏறியது. “என் தையல்ல கோளாறா? வாயைக் கழுவு. இதோ வர்றேன்” என்று கத்திரிக்கோலையும் எடுத்துக்கொண்டே போனேன்.

மதிய நேரம். ஜன்னல் திறந்திருந்தது. தெருவில் காய்கறி வண்டிக்காரர் கத்திக்கொண்டு போனார். டிவியில் துணி இல்லை. பந்து ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி டிவியின் மூலையைக் காட்டினான். அங்கே நிற்கிற உருவம் ஒன்று, அது அவன். வாசலருகே இன்னொன்று, அது நான். கையில் கத்திரிக்கோல்கூடக் கோடாகத் தெரிந்தது. மூன்றாவது ஒன்று, சோபாவின் இடது ஓரத்தில், காலை மடக்கி உட்கார்ந்திருந்தது.

திரும்பி சோபாவைப் பார்த்தேன். என் பூப்போட்ட உறைதான் இருந்தது.

“துணியை எடுத்துட்டு மொத நாள் போட்டப்பவே ‘ரெண்டு ஆட்டக்காரர்கள் தயார்’னு வந்துச்சு. உன் உறையில இருக்கற பெரிய பூவைத்தான் மண்டைன்னு எடுத்துக்குதுன்னு நினைக்கிறேன்” என்றான்.

“என் பூவு உனக்கு மண்டையாடா?” என்று உறையின் நாடாக்களை அவிழ்த்து உருவி எறிந்தேன். உருவம் போகவில்லை. குஷனைத் தூக்கினேன். போகவில்லை. ஜன்னலைச் சாத்தினோம், மின்விசிறியை நிறுத்தினோம், சோபாவையே இரண்டு பேருமாகச் சுவரோரம் இழுத்துப் போட்டோம். சோபாவோடு சேர்ந்து அதுவும் நகர்ந்து வந்தது. இடது ஓரம். மடக்கிய கால்.

வேறு எவனாக இருந்தாலும் முதல் நாளே அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடியிருப்பான். மூணு ஸ்டார் என்ன செய்திருந்தான் தெரியுமா? புகார் எழுதியிருந்தான். காலி இருக்கையில் ஆள் காட்டுகிறது, கேமராவுக்கும் சோபாவுக்கும் இவ்வளவு தூரம், இன்ன வெளிச்சம், இதோ படங்கள், இரண்டு ஸ்டார். கம்பெனியிலிருந்து பதிலும் வந்திருந்தது. இவ்வளவு துல்லியமான புகாரை இதுவரை பார்த்ததில்லை, அடுத்த அப்டேட்டில் கட்டாயம் சரிசெய்கிறோம் என்று. அதைப் படித்துக் காட்டும்போது அவன் குரலில் பெருமை இருந்தது. பெண்டாட்டி போனபிறகு அந்தக் குரலை நான் கேட்கவேயில்லை. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் டிவியில் ‘இரண்டாம் ஆட்டக்காரர், உங்கள் முறை’ என்று எழுத்து வந்தது.

உட்கார்ந்திருந்த உருவத்தின் கை தொடையில் இருந்தது. மணிக்கட்டு மட்டும் சுண்டியது. பந்து உருண்டது. அத்தனை கட்டையும் சரிந்தன.

இடுப்பில் செருகிவைத்திருந்த கத்திரிக்கோல் நழுவிக் கீழே விழுந்த சத்தத்தில் நானே துள்ளிவிட்டேன். தம்பியின் முகத்தைப் பார்த்தேன். பயம் துளியும் இல்லை. வாய் கோணிக்கொண்டு அழுகைக்குப் போனது. “இதுக்கு முன்னாடி ஆடவேயில்லக்கா. சும்மாதான் உட்கார்ந்திருந்துச்சு” என்றான். பிறகு சொன்னான், “ஐயோ, புகார் குடுத்துத் தொலைச்சிட்டேனே.”

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. கத்திரிக்கோலைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். வருகிற வழியெல்லாம், வெளிச்சம், கண்ணாடி பிம்பம், கேமராவின் கிறுக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் அப்படிச் சுண்டுவதை எத்தனை தரம் பார்த்துக் கைதட்டியிருக்கிறேன்! கேமராவுக்குக் கிறுக்குப் பிடிக்கலாம். அவள் மணிக்கட்டு அதற்கு எப்படித் தெரியும்?

அதன்பிறகு தம்பி மாறிப்போனான். மாறியதென்றால், முதலில் நன்றாகத்தான் மாறினான். போனில் சிரித்தான். சாயங்காலம் ஆனால் வீட்டுக்கு ஓடினான். இவன் நின்று ஒரு பந்து, அவள் உட்கார்ந்து ஒரு பந்து. “இன்னிக்கும் தோத்துட்டேன்க்கா” என்பான். நான் என்ன சொல்ல? நல்லது என்றும் சொல்ல முடியவில்லை, கெட்டது என்றும் சொல்ல முடியவில்லை. உடம்பு பூராவும் மயிர்க்கூச்செறிய, “சாப்பிட்டியாடா?” என்று மட்டும் கேட்பேன்.

பிறகு என்னிடம் வெளிச்சம் புகாத திரைச்சீலை தைத்துத் தரச் சொன்னான். இருட்டாக இருந்தால் உருவம் தெளிவாகத் தெரிகிறதாம். தைக்க மாட்டேன் என்றேன். போர்வையை ஆணியடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு, தான் ஆடுவதையே விட்டுவிட்டான். “நான் அசைஞ்சா அவ கோடு கலங்குதுக்கா. நான் அசையாம இருந்தா அவ நல்லா ஆடறா. என் முறை வந்தா அதுவே தாண்டிப் போயிடுது” என்றான். அதைச் சொன்ன குரல் தூரத்தில், அடுத்த அறையிலிருந்து பேசுவதுபோல் இருந்தது.

“டேய், அந்தக் கம்பெனிக்காரன் சரிபண்றேன்னானே, என்னாச்சு?”

“அப்டேட் வந்து உட்கார்ந்திருக்கு. ‘இப்போது போடவா, பிறகா’ன்னு தினமும் கேக்குது. பிறகுன்னு அமுக்கிட்டிருக்கேன்.”

“எவ்வளவு காலத்துக்குடா பிறகு?”

அவன் மூச்சு மட்டும் கேட்டது. அதுவும் சரியாகக் கேட்கவில்லை.

கண்ணாடிக் கடை முதலாளி எனக்குப் போன் செய்த அன்றைக்குத்தான் விஷயம் முற்றியது தெரிந்தது. “அம்மா, உங்க தம்பி ரொம்ப நாளா கடைக்கு வரலை. போனும் எடுக்கல. கடைசியா வந்தப்ப, நாற்காலியில உட்கார்ந்திருந்தவங்ககிட்ட எதுவுமே கேக்காம அப்படியே நின்னுட்டிருந்தார். அவங்க பயந்து எழுந்து போயிட்டாங்க” என்றார். அடுப்பை அணைத்தேனா இல்லையா என்றுகூட நினைவில்லை, ஓடினேன்.

என்னிடம் ஒரு சாவி இருந்தது. கதவைத் திறந்தால் வெளியே சுள்ளென்று வெயில், உள்ளே கும்மிருட்டு. டிவி வெளிச்சம் மட்டும். சோபாவில், நடுவில், தம்பி உட்கார்ந்திருந்தான். கை இரண்டும் மடியில். கண் டிவியில். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

டிவியின் மூலையைப் பார்த்தேன். வாசலருகே நிற்கிற உருவம், நான். சோபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற உருவம், அவள். நடுவில் யாரும் இல்லை.

என் கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். சோபாவைப் பார்த்தால் அவன் இருக்கிறான். டிவியைப் பார்த்தால் இல்லை. டிவியில் எழுத்து வந்தது. ‘முதல் ஆட்டக்காரர் இல்லை. இரண்டாம் ஆட்டக்காரர் மட்டும் தொடர்கிறார்.’

“டேய்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. “டேய், உன்னைக் காணோம்டா.”

“தெரியும்க்கா” என்றான், உதடு அசையாமல். “அசையாத எதையும் அது மேசை நாற்காலின்னுதான் எடுத்துக்கும். பழகிட்டேன்.”

“என்ன எழவுடா இது! செத்தவ இருக்கா, உசுரோட இருக்கறவனைக் காணோங்குது, பழகிட்டியா நீ?” எனக்கு அழுகையும் ஆங்காரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அவனை நாலு சாத்து சாத்தத்தான் முன்னால் போனேன். ஆனால் டிவியில் ஒன்றைக் கண்டு பாதியில் நின்றுவிட்டேன்.

அவள் ஆடவில்லை. அவள் முறை வந்து, போய், மறுபடி வந்தது. தலை வட்டம் மெல்லப் பக்கவாட்டில் திரும்பியது, அவன் இருக்க வேண்டிய இடத்துப் பக்கம். தொடைமேல் இருந்த கை எழுந்தது. பக்கத்து இடத்தில் வைத்தது. எடுத்தது. கொஞ்சம் தள்ளி வைத்தது. இரத்தம் எடுக்க நரம்பு தேடுகிறவள் கை அது, மெதுவாக, அமுக்காமல். அவன் தோளில் போய் நின்ற கோடு தோளைக் கண்டுகொள்ளாமல் அப்படியே தாண்டிப் போனது.

“எவ்வளவு நாளா இப்படித் தேடறா?” என்று கேட்டேன்.

அவன் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், அது என்ன செய்கிறது என்று அதுவரை பார்க்கவில்லை போலும். ஆடுகிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

“தேடறாளா?”

“அவளுக்கும் உன்னைத் தெரியலடா, பாவி. அந்தக் கை என்ன பண்ணுது பாரு.”

பார்த்தான். கை மறுபடியும் அவன் மடிமேல் வந்து, ஒன்றும் தட்டுப்படாமல் திரும்பிப் போனது. பிறகு எழுந்தான். எழுந்தான் என்று சொல்லுவது சுலபம். முழங்கால் மடங்கி விழப்போனவனை நான் தாங்கிப் பிடித்தேன். டிவியில் அவன் கோடு ஒன்றொன்றாக வந்தது. முதலில் தலை, பிறகு ஒரு தோள், பிறகு கால்கள். அந்தக் கை நின்றது. திரும்பத் தொடைமேல் போய் உட்கார்ந்துகொண்டது. நான் ‘அப்பாடா’ என்றேன். யாருக்காகச் சொன்னேன் என்று தெரியவில்லை.

வெகுநேரம் அவன் என்மேல் சாய்ந்து நின்றபடி அழுதான். அவள் போன அன்று அழ வேண்டிய அழுகை எல்லாம் அது. நானும் அழுதேன். மூன்றாவது உருவம் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நான் அசைஞ்சா அவ கோடு கலங்குது, அசையாம உட்கார்ந்தா அவ தேடறா. ஆயுசு பூரா நின்னுக்கிட்டே இருக்க முடியுமா?” என்றான்.

“என்ன செய்யப்போறே?”

“புகார் குடுத்தவன் நான்தானே. சரிபண்ணிட்டாங்களான்னு பார்க்க வேண்டியதும் நான்தான்.” ரிமோட்டை எடுத்தான். இடது ஓரத்தைப் பார்த்து, “கொஞ்சம் பொறுத்துக்கோ” என்றான். ‘இப்போது’ என்பதை அமுக்கினான்.

டிவி கறுத்தது. ஒரு கோடு இடமிருந்து வலமாக நிரம்ப ஆரம்பித்தது. நான் போய் ஜன்னலில் அடித்திருந்த போர்வையைப் பிய்த்து எறிந்தேன். வெயில் உள்ளே வந்தது. அவன் திரும்ப மாட்டியிருந்த சோபா உறையில் என் பூக்கள் தூசி படிந்து கிடந்தன. பெட்டி ஒருமுறை அணைந்து மறுபடி எரிந்தது. மூலையில் நிற்கிற உருவம் இரண்டு. நான், அவன். சோபா காலி.

தம்பி காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணாடிக் கடையில் கேட்கிற கேள்வியையே நான் அவனிடம் கேட்டேன், வேறென்ன கேட்பதென்று தெரியாமல். “முதல்லதா, ரெண்டாவதா? எதுடா தெளிவு?”

“ரெண்டும் மங்கல்தான்க்கா” என்றான்.

எனக்குக் கால் வலித்தது. அழுதழுது நின்றதில் உடம்பு தளர்ந்துபோயிருந்தது. யோசிக்காமல் தொப்பென்று சோபாவில் உட்கார்ந்தேன். இடது ஓரத்தில். டிவியில் என் உருவம் மறைந்துபோனது.

கையை ஆட்டினேன். இல்லை. இரண்டு கையையும் தூக்கி, நீரில் மூழ்குகிறவள் மாதிரி வீசினேன். டிவியில் அவன் ஒருவன்தான் நின்றுகொண்டிருந்தான். ‘நின்றபடி ஆடவும்’ என்று ஓர் எழுத்து வந்துபோனது.

அவன் என்னையும் டிவியையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். அந்த ஒரு நிமிடம் அவன் முகத்தில் பழைய மூணு ஸ்டார் வந்து நின்றான். உதட்டைப் பிதுக்கினான்.

“சரிபண்ணல இவனுங்க. காலியா இருக்கற சீட்டுல ஆள் இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்கத் தெரியாம, உட்கார்ந்திருக்கற யாரையுமே பார்க்காதேன்னு சொல்லிக்குடுத்துட்டானுங்க.”

“அப்படின்னா?”

“அப்படின்னா அவ்வளவுதான். நீ அங்க இருக்கே. அது பார்க்கல.”

அவன் சொல்லி முடித்த பிறகுதான் நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. எழுந்து ஓடத்தான் நினைத்தேன். ஆனால் கால் வரவில்லை, பயத்தால் இல்லை, எனக்கே ஏன் என்று புரியவில்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டியிருக்கிறேன். வாயில் தானாக வந்தது. “கொஞ்சம் தள்ளி உட்காரும்மா” என்றேன். சொல்லிவிட்டு நானே கொஞ்சம் நகர்ந்து ஓரத்தை விட்டுக்கொடுத்தேன்.

தம்பி அன்றைக்கே தன் கருத்தைத் திருத்தினான். போனை எனக்குக் காட்டினான். ‘நான் சொன்ன குறை இப்போது தெரியவில்லை. ஒரு ஸ்டார்.’ அவ்வளவுதான் எழுதியிருந்தான். அவன் இதுவரை ஒரு ஸ்டார் கொடுத்ததும் கிடையாது.

மறுநாள் கடைக்குப் போனான். இப்போதும் போகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவன் வீட்டுக்குப் போகிறேன். ஜன்னல் திறந்திருக்கும். பந்து ஆட்டத்தைப் போடுவான். ஒரு ஆளா, இரண்டு ஆளா என்று பெட்டி கேட்கும். இரண்டு என்றே அமுக்குவான். அவள் முறை வரும்போது ‘இரண்டாம் ஆட்டக்காரரைக் காணவில்லை, தாண்டவா?’ என்று கேட்கும். கொஞ்சம் காத்திருந்துவிட்டு, சரி என்பான்.

“ஏண்டா, கால் வலிக்கப்போகுது, கொஞ்சம் உட்காரேன்” என்று போன வாரம் சொன்னேன்.

“வேணாம்க்கா. நின்னாத்தான் தெரியுமாம். நான் நிக்கறேன்” என்றான். காலை முன்னே வைத்து, முறையாக வீசினான். பாதிக் கட்டைகூட விழவில்லை. நான் சிரித்துவிட்டேன்.

அவன் அடுத்த பந்துக்குத் தயாரானான். நாங்கள் இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.